பழைய பச்சை

கடலுக்குப் போய்த் திரும்பாத ததேயு, ஊரில் அவனுக்கு நினைவுப்பூசை முடிந்த அடுத்த திங்கட்கிழமை காலையில், கடல் வாசமே அறியாத கோயம்புத்தூரில், சரவணம்பட்டியிலிருக்கும் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நாலாவது மாடிக்கு, ஈரம் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தான். வாசலில் காவலிருந்த சென்னியப்பன் யாரைப் பார்க்கணுங்க என்று கேட்டதற்கு, கடலுக்குப் போகிறவர்களுக்கு ஆப் செய்கிற ஆட்களைப் பார்க்கணும் என்றானாம். மழை எங்கே பெய்கிறது என்று சென்னியப்பன் வெளியே எட்டிப் பார்த்தார். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. சரி, எங்கேயோ பெய்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, சட்டைப்பையில் பாசி தொங்கிய அந்த மனிதனை லிப்ட் வரைக்கும் கூட்டிப்போய் விட்டுவிட்டு, அவன் நடந்த வழியெல்லாம் மாப் போட ஆள் அனுப்பினார்.

மேலே அப்போது ஸ்டாண்ட்அப் நடந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் அந்த அணியில் உள்ள எல்லோரும் ஜன்னலோரம் வட்டமாக நிற்பார்கள், ஒரு மஞ்சள் பஞ்சுப்பந்து கைக்குக் கை மாறும், பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும்: நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எனக்கு என்ன தடை. ததேயு வந்து பிரிஜிட்டாவின் பக்கத்தில் இருந்த இடைவெளியில் நின்றான். பந்தை எறிந்த, நிரல் எழுதும் முகில் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே எறிந்ததால் அது ததேயுவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் அதை மீன் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"நேத்து கடலுக்குப் போனேன். பச்சை காட்டிச்சு. இன்னைக்கும் போவேன். தடை என்னன்னா, அந்தப் பச்சை பழசு."

எல்லோரும் தரையில் சொட்டிய தண்ணீரைப் பார்த்தார்கள். அணித்தலைவன் தரணிதரன் ஒருவன்தான், எந்தச் சூழ்நிலையிலும் முறையை விடாதவன் என்று பெயர் எடுத்தவன், தலையை அசைத்து, நல்ல விஷயம், இதைப் பிறகு தனியாகப் பேசுவோம் என்று சொல்லிவிட்டு, பந்தை அடுத்தவரிடம் கொடுக்கும்படி கையைக் காட்டினான். ததேயு பந்தைப் பிரிஜிட்டாவிடம் கொடுத்தான். அது கனத்துப்போயிருந்தது. பிழிந்தால் உப்புத்தண்ணீர் வரும் என்று அவளுக்குத் தெரிந்தது, அவள் பிழியவில்லை. நேற்று உள்நுழையும் பக்கத்தைச் சோதித்தேன், இன்று மீன்விலைப் பக்கத்தைச் சோதிப்பேன், தடை எதுவும் இல்லை என்று சொல்லி முடித்தாள். ததேயு அவளுடைய உடன்பிறந்த தம்பி.

அது அங்கே யாருக்கும் தெரியாது. தம்பி தவறிவிட்டான் என்று அவள் விடுப்பு கேட்டபோது, மனிதவளத்தில் இருந்த மிருணாளினி இரங்கல் செய்தி அனுப்பினாள், குழுவில் எல்லோரும் கைகூப்பிய படம் போட்டார்கள், எப்படித் தவறினான் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்காத வரைக்கும் நல்லது என்று அவள் இருந்துவிட்டாள். சொன்னால் ஆறுதல் சொல்வார்கள், ஆறுதல் வாங்கிக்கொண்ட கையால் பிறகு அடிக்க முடியாது.

தம்பி போனதிலிருந்து பசியே எடுக்காத அவள், அடிப்பதற்குத்தான் அந்த வேலையை விடாமல் இருந்தாள். சிலுவைத்துறை என்கிற அவர்கள் கரையில் வள்ளம் வைத்திருந்த எல்லோருடைய போனிலும் அந்த அணி செய்த 'கடல்துணை' இருந்தது. பச்சை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் திரும்பவேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் நடுக்கடலில் சிக்னல் அறுந்து, எங்கேயோ ஒரு கண்ணிமைப்புக்குத் திரும்பி வரும்போது, புதிய செய்தி வந்து சேராவிட்டால், ஆப் தன்னிடமிருந்த பழைய செய்தியையே எடுத்து, அந்த நிமிஷத்து நேரத்தைப் போட்டுக் காட்டியது. காலையில் வந்த பச்சை மத்தியானத்துப் பச்சையாக நின்றது. ததேயு இதைக் கண்டுபிடித்து ஆப்பிலேயே இருந்த கருத்துப்பெட்டியில் எழுதினான். பதில் வராமல் மறுபடியும் எழுதினான். பிறகு, எக்கா, உங்க ஆளுககிட்ட நீயாவது சொல்லு என்று போனில் அழைத்தான். பிரிஜிட்டா சோதித்துப் பார்த்தாள், அவன் சொன்னது சரி, அணியின் குறைப்பட்டியலில் டிக்கெட் போட்டாள். கன்னியாகுமரிப் பக்கத்துப் பயனர் ஒருவர் சொன்னது என்று மட்டும் எழுதினாள், தம்பி என்று எழுதினால் சலுகை கேட்கிறாள் என்பார்கள் என்று பயந்தாள்.

எது முக்கியம் என்று முடிவு செய்ய அவர்கள் ஆளுக்கு ஒரு எண் போட்ட சீட்டைத் தூக்கிக் காட்டுவது வழக்கம். பிரிஜிட்டா பெரிய எண்ணைத் தூக்கினாள். மற்ற எல்லோரும் சின்ன எண்ணைத் தூக்கினார்கள், ஏனென்றால் அந்த முறை வாடிக்கையாளர் மீன்விலைப் பக்கம் கேட்டிருந்தார், அதில் துள்ளுகிற மீன் படமும் கேட்டிருந்தார். அவள் மறுபடி பேச எழுந்தபோது தரணிதரன் சிரித்துக்கொண்டே, இது அணியோட முடிவுங்க பிரிஜிட்டா, எனக்கும் சேர்த்துத்தான் கட்டுப்பாடு என்றான். வாடிக்கையாளர் வேலைப்பட்டியல் பலகையைப் பார்க்க வருகிற நாளன்று, திறந்தபடி கிடக்கிற டிக்கெட் கண்ணில் படக்கூடாது என்று, 'எதிர்பார்த்தபடியே இயங்குகிறது' என்று எழுதி அதை மூடினான். ததேயுவுக்கு நன்றி சொல்லி ஒரு தானியங்கிப் பதில் போயிற்று. கூட வரும் பங்காளிக்குக் காய்ச்சல் கண்டிருந்த ஒரு காலையில் அவன் தனியாக வள்ளம் தள்ளிக்கொண்டு போனான். மத்தியானம் காற்று திரும்பிற்று. கரையில் இருந்தவர்கள் போனிலெல்லாம் சிவப்பு வந்தது. வள்ளம் பிறகு கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை.

அப்படிப்பட்டவன்தான் இப்போது தினமும் வந்தான். செவ்வாய்க்கிழமையும் வந்தான், புதன்கிழமையும் வந்தான், வட்டத்தில் நின்றான், பந்து வந்ததும் அதே வார்த்தைகளைச் சொன்னான், தரணிதரன் அதே வார்த்தைகளைச் சொன்னான். முதல் வாரம் அலுவலகத்துக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது, எந்த வீட்டிலும் புது ஆள் வந்தால் இருக்கிற சங்கடம்தான். உயிரோடு இல்லாத ஒருவருக்கு நுழைவு அட்டை கொடுக்கலாமா என்று மிருணாளினி பெங்களூரு தலைமையகத்துக்கு எழுதிக் கேட்டாள். சம்பளம் கேட்காதவரை கொடுக்கலாம், பயனர் பிரதிநிதி என்று போட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. அட்டைக்குப் படம் எடுத்தபோது படத்தில் நீர்த்துளிகள் மட்டுமே விழுந்தன, அதையே ஒட்டிக் கழுத்தில் மாட்டினார்கள். அணியில் உள்ள எல்லோருக்கும் கொடுப்பதுபோல அவனுக்கும் கணினியில் ஒரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தார்கள், டிக்கெட் திறக்கவும் மூடவும் உரிமை கொடுத்தார்கள். அவன் நிற்கிற இடத்தில் ரப்பர் பாய் விரித்தார்கள். உப்பு அரித்து நாற்காலிக் கால்கள் துருப்பிடித்தபோது பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாறினார்கள். நெத்திலி வாடை வருகிறது என்று முறையிட்ட ஒரு பெண்ணை வேறு வரிசைக்கு மாற்றினார்கள். சாயங்காலம் மழை வருமா என்று யார் கேட்டாலும் அவன் வானத்தைப் பார்க்காமலேயே சொல்லுவான், தப்பாது, அதனால் மூன்றாம் மாடிக் கம்பெனிக்காரர்கள்கூட, துணி காயப்போட்டுவிட்டு வந்திருக்கிறோம், கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள் என்று ஆள் அனுப்பினார்கள். யாருக்காவது பிறந்தநாள் வந்தால் அவனுக்கும் ஒரு துண்டு கேக் வெட்டி வைத்தார்கள். ஈரத்தில் அது கரைந்து போவதை ஒருவரும் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லாம் கொடுத்தார்கள், அவன் கேட்டதை மட்டும் கொடுக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேலைகளைப் பிரிக்கும்போது பிரிஜிட்டா அந்த டிக்கெட்டை மறுபடி திறந்து மேசையில் வைப்பாள், சீட்டுகள் தூக்கப்படும், சின்ன எண்களே தூக்கப்படும். பாவம், நம்மோடேயே இருக்கிறார், செய்யத்தான் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனாலும் இத்தனை ஆயிரம் பேர் பயன்படுத்துகிற ஆப்பில் இது ஒரே ஒரு பயனரின் குறைதானே என்று தரணிதரன் நியாயமாக எடுத்துச் சொல்லுவான். ததேயு அதைப் பாயில் நின்றபடி கேட்டுக்கொண்டிருப்பான்.

பிரிஜிட்டா அவனைத் தனியாகப் பிடித்துப் பேசிப் பார்த்தாள். மக்கா, என்னைத் தெரியுதா என்றாள், அம்மா கல்லறையில் பூ வைத்தேன் என்றாள், நீ வளர்த்த நாய் கரையிலேயே படுத்துக் கிடக்கிறது என்றாள். பச்சை பழசு என்றான் அவன். லீமாவைக் கேட்காமலா இருப்பான் என்று நினைத்தாள். லீமா அவன் மனைவி; மீன் கூடையைச் சுமந்துபோய்ச் சந்தையில் விற்றுப் பிழைப்பவள், புருஷன் இன்ன இடத்தில் நிற்கிறான் என்று பிரிஜிட்டா போனில் சொன்னதும் மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டாள். மாடிக்கு வந்து, வட்டம் கலைகிற வரைக்கும் ஓரமாக நின்று, பிறகு கிட்டே போய்ச் சேலைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கத் தண்ணீர் வந்தது. அவன் அவளைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான். பயனர் பிரதிநிதியின் மனைவி வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்ட தரணிதரன் இனிப்புப் பெட்டி வாங்கிவரச் செய்து, இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டான்.

படிக்கட்டில் இறங்கும்போது பிரிஜிட்டா அழுதாள். லீமா அழவில்லை.

"என்னைப் பார்க்க வரலை மைனி அவன்" என்றாள். "அவங்ககிட்ட என்னமோ வாங்க வந்திருக்கான். வாங்கட்டும். நான் இனிமே இங்க வரமாட்டேன்."

அந்தப் படத்தைப் பிரிஜிட்டா மறுபடி பார்த்தது பெங்களூருவில், ஆள் உயரத் திரையில். பயனரை அணிக்குள் கொண்டுவருவது எப்படி என்று தரணிதரன் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தான், அந்த வருஷத்துச் சிறந்த அணி என்று அவர்களுக்கு விருது கிடைத்திருந்தது, அணி முழுவதையும் மேடைக்கு அழைத்திருந்தார்கள். நாங்கள் பயனரின் குரலைக் கேட்பதோடு நிற்பதில்லை, அவருக்கு எங்கள் வட்டத்தில் இடம் கொடுத்திருக்கிறோம் என்று அவன் சொன்னபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டிற்று. லீமாவின் முகம் திரையில் எல்லோருக்கும் மேலே பெரிதாக இருந்தது. பிரிஜிட்டாவும் கைதட்டினாள். தட்டிக்கொண்டிருக்கும்போதே, இந்த மனிதனைக் கடலுக்குக் கொண்டுபோவேன் என்று முடிவு செய்தாள், ஒரு கதவை மெல்லச் சாத்துவதுபோல அவ்வளவு அமைதியாக அது அவளுக்குள் நடந்தது.

கொண்டுபோவது சிரமமாக இருக்கவில்லை. செய்த வேலையைப் பயன்படுத்துகிறவரின் இடத்திலேயே இயக்கிக் காட்டவேண்டும் என்று அவர்கள் முறையிலேயே இருந்தது, இதுவரைக்கும் யாரும் அதைச் செய்ததில்லை. மீன்விலைப் பக்கத்தை நடுக்கடலில், ஒரு வள்ளத்தில் வைத்துக் காட்டினால் எப்படி இருக்கும் என்று அவள் சும்மா சொல்வதுபோலச் சொன்னாள். தரணிதரனின் கண் விரிந்தது. படங்கள் நன்றாக வரும் என்றான்.

சிலுவைத்துறையில் கஸ்பார் அவர்களுக்காகக் காத்திருந்தார். பிரிஜிட்டாவுக்குப் பெரியப்பா மகன். ததேயுவுக்குத் துடுப்பு பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். காணாமல்போன அவனைத் தேடி நாள் கணக்காகக் கடலை உழுதவர். மத்தியானத்துக்கு மேல் காற்று வருகிறது என்று காலையிலேயே துறைமுகத்து வயர்லெஸ்ஸில் கேட்டிருந்தார், மற்றவர்கள் யாரும் வள்ளம் இறக்கவில்லை. தரணிதரன் உயிர்காப்பு உடையின் வாரைக் கட்டத் தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தபோது அவர் தங்கையைத் தனியே அழைத்து, எவ்வளவு தூரம் என்று கேட்டார். பச்சை பழசாகிற தூரம் என்றாள் அவள். அவர் கரையில் மாதா சிலை நின்ற சிறு கெபியைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு வள்ளத்தைத் தள்ளினார்.

முதலில் கடல் நல்ல பிள்ளையாக இருந்தது. தரணிதரன் தன்னையும் போனையும் சேர்த்துப் பல கோணத்தில் படம் எடுத்தான், துள்ளுகிற மீனைத் துள்ளவைத்துக் காட்டினான், என்னங்க பிரிஜிட்டா, இதை முன்னாடியே செஞ்சிருக்கணும் நாம என்றான். தென்னைகள் புல்லாகி, புல் கோடாகி, கோடும் அழிந்தது. கோயில் கோபுரத்துச் சிலுவை கடைசியாக அமிழ்ந்தது. அவன் போனில் சிக்னல் போயிற்று, வந்தது, போயிற்று. கஸ்பார் தெற்கே பார்த்துக்கொண்டு வந்தார். தெற்கே தண்ணீரின் நிறம் ஈயம்போல மாறிக்கொண்டு வந்தது. ஒரு கடற்காக்கை தாழப் பறந்து கரைப்பக்கம் போயிற்று, அதன் பின்னால் இன்னும் பல போயின. பிறகு காற்று ஒரு மூச்சு நின்று, வேறு திசையிலிருந்து அடித்தது, முதல் அலை வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்தைத் தூக்கிப் போட்டது.

தரணிதரன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கிளம்பலாங்க என்றான். பிரிஜிட்டா கேட்காதவள்போல இருந்தாள். அவன் மறுபடியும் சொன்னான்.

"ஆப்ல என்ன காட்டுது?" என்று கேட்டாள்.

அவன் பார்த்தான். பச்சை காட்டிற்று, கடல் அமைதி என்றும் காட்டிற்று, கீழே அந்த நிமிஷத்து நேரமும் இருந்தது.

"பச்சைன்னா போகலாமே" என்றாள்.

"இல்லைங்க, இது இப்ப வந்ததில்லை. காலையில வந்தது." விரலால் திரையைத் தேய்த்துப் பார்த்தான். "இந்தப் பச்சை பழசுங்க."

"நல்ல விஷயம். இதைப் பிறகு தனியாப் பேசுவோம்."

அப்போதுதான் அவன் அவளை முதல்முறையாகப் பார்த்தான். கஸ்பார் பேசி வைத்தபடி இயந்திரத்தை நிறுத்தினார். இயந்திரம் நின்றதும் கடலின் சத்தம் முழுவதும் வள்ளத்துக்குள் ஏறி உட்கார்ந்தது. தரணிதரனின் விரல்கள் தாமாகவே போனைத் தேடின. வேறு யாரையும் எட்ட முடியாத மனிதன், தான் செய்துவைத்த கருத்துப்பெட்டியைத் திறந்து, உப்புத்தண்ணீர் வழிகிற திரையில் தப்பும் தவறுமாக, பழைய பச்சை காட்டுகிறது, கடல் கொந்தளிக்கிறது, உயிர் போகிற நிலை, உடனே பாருங்கள் என்று எழுதினான். எங்கிருந்தோ சிக்னல் ஒரு கண்ணிமைப்புக்கு வந்தது, செய்தி போயிற்று. அடுத்த கண்ணிமைப்பில் பதில் வந்தது. உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம், நீங்கள் சொன்னது ஆராயப்பட்டது, எதிர்பார்த்தபடியே இயங்குகிறது, இந்தக் குறை மூடப்படுகிறது என்றது பதில். மூடியவர் பெயர் என்ற இடத்தில் ததேயு என்று இருந்தது.

தரணிதரன் அந்தத் திரையை அவளிடம் நீட்டினான். அவள் படித்தாள். பல மாதமாக எதுவும் இறங்காமல் கிடந்த நெஞ்சில் ஏதோ சூடாக இறங்கியது.

"இவன் என் தம்பி" என்றாள்.

அவன் அழத் தொடங்கினான். அழுதுகொண்டே, தெரியாதுங்க, சத்தியமா தெரியாது என்றான், அது அணி சேர்ந்து எடுத்த முடிவு, எல்லோரும்தான் சீட்டு தூக்கினார்கள், நான் மட்டும் என்ன செய்திருக்க முடியும் என்றான். அடுத்த அலை அவன் வாயை நிரப்பிற்று. அவன் துப்பி முடிக்கிற வரைக்கும் அவள் பொறுத்திருந்தாள்.

"இங்க அணி இல்லை" என்றாள். "நீங்க மட்டும்தான் இருக்கீங்க."

வள்ளம் ஒருமுறை பள்ளத்தில் இறங்கி ஏறியது. பிறகு அவன், காற்றில் கேட்காது என்பதுபோல மெல்ல, நான்தான் மூடினேன் என்றான். அவள் சத்தமாகச் சொல்லச் சொன்னாள். அவன் சத்தமாகச் சொன்னான்.

கஸ்பார் இயந்திரத்தின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போதுமா என்று அந்தப் பார்வை கேட்டது. போதாது என்றுதான் அவளுக்கு இருந்தது. ஒரு தள்ளு போதும், அந்த வாரும் சரியாகக் கட்டப்படவில்லை. ஆனால் அவனைத் தள்ளினால் என்ன ஆகும் என்று அவளுக்கு அந்த நிமிஷத்தில் துல்லியமாகத் தெரிந்தது: வருகிற திங்கட்கிழமை இவனும் ஈரம் சொட்டச் சொட்ட மாடிக்கு வருவான், வட்டத்தில் ததேயுவுக்கு அந்தப் பக்கம் நிற்பான், இவனுக்கும் ஒரு பாய் விரிப்பார்கள், அட்டை கொடுப்பார்கள், கேக் வெட்டி வைப்பார்கள், சீட்டுகள் தூக்கப்படும், இவனும் பழகிப்போவான். செத்தவர்களை எப்படி வைத்துக்கொள்வது என்று அந்த அலுவலகத்துக்குத் தெரிந்துவிட்டது. உயிரோடு இருக்கிற ஒருவனை, நான்தான் மூடினேன் என்று தன் வாயால் சொன்ன ஒருவனை, எங்கே வைப்பது என்று அதற்குத் தெரியாது. அவள் கஸ்பாரைப் பார்த்து, கரைக்கு விடு அண்ணே என்றாள்.

கரைக்கு வந்து சேர்ந்தது பெரும்பாடு. அதைக் கஸ்பார் இன்றைக்கும் தன் வாயால் சொல்வதில்லை.

தரணிதரன் உடைகூட மாற்றாமல் கோயம்புத்தூர் போய், மறுநாள் மத்தியானம் நேராக முகிலின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு அந்தப் பச்சையைச் சரிசெய் என்றான். முகில் மீன்விலைப் பக்கத்தை மூடிவிட்டு இதைத் திறந்தான். சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தவன் காப்பிக்கு முன்னால் எழுந்துவிட்டான். இரண்டு வரிதான், செய்தி எப்போது கிளம்பியதோ அந்த நேரத்தைக் காட்டு, பழையதாயிருந்தால் பச்சையை அணைத்துவிடு, அவ்வளவுதான் என்றான். அவ்வளவுதானா என்று தரணிதரன் கேட்டான். அவ்வளவுதான் என்றான் முகில். தரணிதரன் அங்கேயே தரையில் உட்கார்ந்தான், எழுப்பிப் பார்த்தார்கள், எழுந்திருக்கவில்லை. பிரிஜிட்டா தன் இடத்திலிருந்தே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மத்தியானத் தூக்கத்தின் அளவுகூட இல்லாத வேலை. அவள் கோபம் தீரும் என்று நினைத்திருந்தாள், அது அப்போதுதான் முழு உயரத்துக்கு எழுந்து நின்றது.

மறுநாள் காலை ததேயு வரவில்லை. பந்து சுற்றி வந்து அவன் நிற்கிற இடத்தில் ஒரு கணம் தயங்கிற்று, பிறகு அவளிடம் வந்தது, இலேசாக, உலர்ந்து. தடை நீங்கிவிட்டது, பாருங்கள், நம் முறை வேலை செய்கிறது என்று யாரோ சொன்னார்கள், கைதட்டினார்கள். அவள் வட்டத்தைவிட்டு வெளியே வந்து லிப்ட் வாசலில் நின்றாள். கதவு திறக்கும்போதெல்லாம் பார்த்தாள். கூரியர்க்காரர் வந்தார், தண்ணீர் கேன் வந்தது, மூன்றாம் மாடியிலிருந்து ஒருவர் மழை வருமா என்று கேட்க வந்துவிட்டுத் திரும்பிப் போனார். அவன் கேட்க வந்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டான். பழிக்கு விலையாக அவள் கொடுத்தது தம்பியைத்தான் என்பது, மத்தியான வெயில் கண்ணாடிக்குள் வந்து விழுந்தபோது, அவளுக்குப் புரிந்தது. பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினாள்.

அவள் பின்னாலேயே, ஒரு வாரம் ஆவதற்குள், தரணிதரன் சிலுவைத்துறைக்கு வந்தான். வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னான். விடவேண்டாம், நடந்தது அணியின் முடிவுதான் என்று எல்லோரும் அவனைத் தேற்றினார்களாம். தேற்றத் தேற்ற அவனுக்கு அங்கே மூச்சு முட்டியதாம். லீமா அப்போது சந்தையிலிருந்து வந்து, கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, மணலில் முழங்கால் போட்டு, உங்க வீட்டுக்காரர் எழுதினதை மூடினது நான்தாங்க, மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, என்னால் தூங்க முடியலை, சாப்பிட முடியலை என்றான். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். பிரிஜிட்டா உள்ளே கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

லீமா கூடையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்து, தோளில் கைபோட்டுப் படம் எடுத்தவன் என்று அடையாளம் கண்டுகொண்டாள்.

"மன்னிக்க வேண்டியவன் தினமும் உங்க பக்கத்துலதானே நின்னான்" என்றாள். "அப்ப கேட்டீங்களா?"

 அவள் காத்திருந்தாள், நிஜமாகவே பதில் வரும் என்று காத்திருப்பவள்போலத்தான் காத்திருந்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

 எழுந்து ஊருக்குப் போவான் என்று நினைத்தார்கள், அவன் கடலைப் பார்க்க நடந்தான். வள்ளங்கள் வந்து ஏறுகிற இடத்தில் போய் உட்கார்ந்து, இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். யாருய்யா நீ, யாருக்காக இருக்கே என்று கரையாட்கள் கேட்டார்கள். ஒருத்தர்கிட்ட ஒன்று கேட்கணும் என்றான். ததேயுவின் பெயரைச் சொன்னான். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கரையில் அப்படிக் காத்திருப்பவர்கள் உண்டு, அவர்களை யாரும் எழுப்பிவிடுவதில்லை, அதனால் இவனையும் எழுப்பாமல் வலையை உதறிக்கொண்டு போனார்கள்.

ஜன்னல் வழியாகப் பிரிஜிட்டா எல்லாவற்றையும் பார்த்தாள். அவனுடைய வெள்ளைச் சட்டையை, முழங்கால் வரை வந்து போகிற நுரையை, ஒவ்வொரு வள்ளத்துக்கும் நிமிர்ந்து பிறகு தொய்கிற அந்தத் தலையை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. என்னவென்று முதலில் தெரியவில்லை, அது வந்து அவ்வளவு காலமாகியிருந்தது.

"லீமா" என்று அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "எனக்குப் பசிக்குது. சோறு போடு."